சுண்ணாம்புக் கம்பத்திலிருந்து இஸ்தானாவுக்கு

சிங்கப்பூர் அதிபரின் அலுவல் மாளிகையான இஸ்தானா ஆண்டில் ஐந்து முறை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தொழிலாளர் தினம், தேசிய தினம், தீபாவளி ஆகியவற்றையொட்டி வரும் அந்த நாள்களில் மக்கள் குடும்பம் குடும்பமாக ஆர்ச்சர்ட் சாலை வாசலில் நுழைந்து, புல்வெளியைக் கடந்து, குன்றின் மேல் நிற்கும் வெண்ணிற மாளிகையை அண்ணாந்து பார்க்கிறார்கள். பழைய மாளிகை ஒன்றைப் பார்க்கப் போகிறவர் வழக்கமாகக் கேட்கும் முதல் கேள்வி, இதைக் கட்டியவர் யார் என்பது. தமிழில் 'கட்டியவர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் ராஜராஜன் என்கிறோம். வீட்டைக் கட்டியவர் கொத்தனார் என்றும் சொல்கிறோம். முன்னது கட்டச் சொன்னவரைக் குறிக்கிறது, பின்னது கல் எடுத்து வைத்தவரை. மாளிகைகளைப் பொறுத்தவரை முதல் பொருளிலேயே நின்றுவிடுவது உலக வழக்கம். சிங்கப்பூரின் மாளிகைகளை அப்படிப் பார்த்தால் பாதிக்கு மேல் விளங்காமல் போகும். அவற்றைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் தம் நடையைச் சிராங்கூன் சாலையில், இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் பழைய சூளைப் பகுதியில் தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆற்றங்கரை மாளிகைகளைப் பார்க்கும் பழக்கத்துக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு. அங்கே சாம்போர் கோட்டையை மன்னர் முதலாம் பிரான்சுவா 1519இல் கட்டத் தொடங்கினார். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் இறங்கியதற்குச் சரியாக 300 ஆண்டுகளுக்கு முன்பு. ஆயினும் 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அப்பகுதியை உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தபோது தனித்தனிக் கோட்டைகளை மட்டும் சேர்க்கவில்லை. சல்லி முதல் ஷலோன் வரை நீளும் பள்ளத்தாக்கையே, ஊர்கள், வயல்கள், திராட்சைத் தோட்டங்களோடு ஒரு பண்பாட்டு நிலப்பரப்பாகச் சேர்த்தது. இதற்கு வலுவான காரணம் உண்டு. அந்தக் கோட்டைகளின் வெள்ளைச் சுவர்கள் தூஃபோ என்னும் மென்மையான சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. அந்தக் கல் அதே ஆற்றின் கரைகளில் வெட்டப்பட்டு, அதே ஆற்றில் படகுகளில் போனது. கல் வெட்டியெடுத்த குகைகளில் பின்னர் மக்கள் குடியிருந்தார்கள், திராட்சை மதுவைச் சேமித்தார்கள், காளான் வளர்த்தார்கள். சோமூர் பக்கம் போகும் பயணி கோட்டையோடு குகையையும் பார்த்துவிட்டுத் திரும்ப முடிகிறது. மாளிகையும் அதன் மூலப்பொருள் கிடைத்த இடமும் ஒரே பயணத்துக்குள் வருகின்றன. சிங்கப்பூரில் அப்படிப்பட்ட பயணம் இன்னும் உருவாகவில்லை.

சிங்கப்பூர் ஆற்றின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சிறு நீளத்துக்குள் அதிகாரத்தின் அடையாளங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. ஆற்றுக்கு அருகே எழும் ஃபோர்ட் கேனிங் குன்றை மலாய் மக்கள் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று, என்றார்கள். 14ஆம் நூற்றாண்டு மன்னர்களின் இருப்பிடமாக நினைவுகூரப்பட்ட இடம் அது. 1928இல் அங்கே நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டியபோது பொன் அணிகலன்கள் கிடைத்தன. 1984இல் தொடங்கிய அகழாய்வு அந்தக் காலத்துக்குச் சான்றுகளைக் கொண்டுவந்தது. ஆங்கிலேயர்கள் 1859 முதல் 1861 வரை அதே குன்றின் தலையைச் சமப்படுத்திக் கோட்டை எழுப்பி, இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த கேனிங் பிரபுவின் பெயரைச் சூட்டினார்கள். கீழே ஆற்று வாயில் எம்பிரஸ் பிளேஸ் கட்டடமும் அதையடுத்து கவெனா பாலமும் இருக்கின்றன. சற்றுத் தள்ளிச் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவரும் பயணிக்கு மன்னர்கள், ஆளுநர்கள், பொறியாளர்கள் ஆகியோரின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கும். இவற்றையெல்லாம் எழுப்பிய உழைப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மட்டும் ஆற்றங்கரை விடை தராது. அந்த விடை ஆற்றிலிருந்து விலகி, ரோச்சோர், காலாங் நீரோட்டங்களின் தாழ்ந்த களிமண் நிலத்தில் இருக்கிறது.

1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. அங்கே நாடுகடத்தப்பட்டிருந்த இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார்கள். 1825 ஏப்ரலில் மதராஸ் மாகாணத்துக் கைதிகள் 80 பேர் முதலில் வந்து இறங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தார்கள். அடுத்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சிங்கப்பூரின் பொதுப்பணித்துறை என்று சொல்லத்தக்கதாக இருந்தது இந்தக் கைதிகளின் உழைப்பே. சதுப்பை நிரப்பியவர்களும் காட்டை வெட்டிச் சாலை போட்டவர்களும் புலாவ் உபினில் கருங்கல் உடைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். காலப்போக்கில் அவர்கள் அடைக்கப்பட்டிருந்த முகாம் ஒரு தொழிற்பட்டறையாகவே மாறியது. கைதிகள் ஆறு வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டார்கள். நன்னடத்தையால் மேல் வகுப்புக்கு உயர்ந்தவர்கள் மேற்பார்வையாளர்களாகி, சக கைதிகளுக்கே காவலர்களாக நியமிக்கப்பட்டார்கள். கொத்து வேலை, தச்சு, இரும்பு வேலை, செங்கல் அறுப்பு எல்லாம் உள்ளேயே கற்பிக்கப்பட்டன. கைதிகளின் கட்டுப்பாட்டு அதிகாரியாகவும் அரசுப் பொறியாளராகவும் இருந்த மெக்நேர் பின்னாளில் பேய்லிஸ் என்பவரோடு சேர்ந்து இந்த அமைப்பைப் பற்றி ஒரு முழு நூலே எழுதி 1899இல் வெளியிட்டார். இன்று நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பகுதி அதிலிருந்து வருவதே.

இந்த உழைப்பு வெறும் உடல்வலு அல்ல, கைத்திறன் என்பதைச் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் காட்டுகிறது. 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1861இல் முதல் வழிபாடு நடந்த அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் பொறியாளர் மெக்ஃபெர்சன். வடிவம் இங்கிலாந்தின் கோதிக் பாணி. அதன் சுவர்ப்பூச்சோ மதராஸிலிருந்து வந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பதப்படுத்திப் பூசினார்கள். காய்ந்தபின் வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்த எவருக்கும் இந்தப் பக்குவம் புதிதல்ல. காரைக்குடியில் நகரத்தார் வீட்டைக் குளிரவைத்த அதே அறிவு, சிங்கப்பூரில் ஆங்கிலேயர் தொழுத இடத்தைப் பளபளக்கச் செய்தது. கோபுரத்தின் வடிவத்தைப் பார்த்து அதை ஐரோப்பியக் கட்டடம் என்று சொல்பவர் கண்ணால் மட்டும் பார்க்கிறார். சுவரைத் தொட்டுப் பார்ப்பவருக்கு அது வங்காள விரிகுடாவின் இரு கரைகளும் சேர்ந்து செய்த கட்டடம் என்பது புரியும். எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்தின் முதல் பகுதியும் 1864 முதல் 1867 வரை இதே உழைப்பால் எழுந்தது. அது இன்று ஆசிய நாகரிக அரும்பொருளகம். ஆசியாவின் கைவினைப் பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கும் அந்த இடத்தில் கட்டடமே முதல் கைவினைப் பொருள்.

இனிச் சிராங்கூன் சாலைக்கு வருவோம். 1858இல் அரசு அந்தச் சாலையில் ஒரு செங்கற்சூளையை நிறுவிக் கைதிகளைக் கொண்டு நடத்தியது. அங்கே சுட்ட செங்கற்கள் பொதுக் கட்டடங்களுக்குப் போயின. 1867இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கமும் பெற்றன. செங்கல் தொழிலில் தமிழருக்கு அதற்கும் முந்தைய தொடர்பு ஒன்று உண்டு. ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, தஞ்சோங் பகாரில் சூளை வைத்துச் சிங்கப்பூரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் என்று பெயர் பெற்றார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு 1827இல் அத்தாப்புக் கூரை வேய்ந்து வித்திட்டவரும் அவர்தான். செங்கல்லுக்கு அடுத்தது சுண்ணாம்பு. சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் தமிழர்கள் அந்தப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தார்கள். இன்று தேக்கா என்றும் வழங்கும் அந்த வட்டாரத்தின் மையமாக விளங்கும் வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்பதுதான் பழைய பெயர். கம்பம் என்பது 'கம்போங்' என்ற மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். தமிழும் மலாயும் கலந்து பிறந்த அந்தப் பெயருக்குள் ஒரு தொழிலும் அதைச் செய்தவர்களின் குடியிருப்பும் அவர்கள் கும்பிட்ட தெய்வமும் அடங்கியிருக்கின்றன. சற்று வடக்கே உள்ள பொத்தோங் பாசிருக்கு மணல் வெட்டும் இடம் என்று பொருள். மணல், களிமண், சுண்ணாம்பு ஆகிய மூன்றும் இந்தத் தாழ்நிலத்தில் கிடைத்தன அல்லது பக்குவப்பட்டன. லுவார் கரையின் கல்குகைகளுக்குச் சிங்கப்பூரில் இணையான இடம் இதுதான்.

இந்தப் பின்னணியோடு இஸ்தானாவைப் பார்த்தால் அதன் காலமே புதுப் பொருள் தருகிறது. 1867 ஏப்ரல் 1ஆம் தேதி சிங்கப்பூரை உள்ளடக்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்தின் பிடியிலிருந்து விலகி, லண்டனின் நேரடி ஆட்சிக்குட்பட்ட முடியாட்சிக் குடியேற்றமாயின. புதிய தகுதிக்கேற்ற மாளிகை வேண்டும் என்று ஆளுநர் ஹாரி ஆர்ட் விரும்பினார். பிரின்செப் என்பவரின் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்த நிலம் வாங்கப்பட்டது. மெக்நேர் வரைந்த வடிவில் 1867 முதல் 1869 வரை அரசு மாளிகை எழுந்தது. அந்தக் கொத்து வேலையைச் செய்தவர்களும் இந்தியக் கைதிகளே. இதற்குள் அந்தமானில் 1858இல் புதிய கைதிக் குடியேற்றம் தொடங்கிவிட்டது. சிங்கப்பூருக்குக் கைதிகளை அனுப்புவது முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1873இல் சிங்கப்பூர்க் கைதி முகாமே மூடப்பட்டது. ஆகவே இந்தியாவின் ஆட்சியிலிருந்து சிங்கப்பூர் விலகியதை அறிவிக்கும் மாளிகை, அதே ஆட்சி கொண்டுவந்து சேர்த்த கைகளின் இறுதிப் பெரும்பணிகளில் ஒன்றாக அமைந்தது. 1959இல் சிங்கப்பூர் தன்னாட்சி பெற்றபோது அது இஸ்தானா, அரண்மனை, என்ற மலாய்ப் பெயரை ஏற்றது. ஆங்கிலேயர் கட்டச் சொல்ல, இந்தியர் கட்ட, மலாய்ப் பெயர் தாங்கிய அந்த வீடு நாட்டின் வரலாற்றைத் தன் உடலிலேயே வைத்திருக்கிறது. ஆளுநரின் பெயரோடும் பொறியாளரின் பெயரோடும் நின்றுவிடும் வழிகாட்டி இந்தச் செறிவைத் தவறவிடுகிறது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சில நியாயமான ஆட்சேபங்கள் எழும். முதலாவது, இது கட்டாய உழைப்பு. கால் விலங்கோடு செய்த வேலையைக் கைத்திறன் என்று போற்றுவது கொடுமைக்கு மெருகு பூசுவதாகாதா என்பது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. வகுப்பு உயர்வு, தொழிற்பயிற்சி என்று அதிகாரிகள் பெருமையோடு விவரித்த அமைப்பு, ஊரையும் உறவையும் கடலுக்கு அப்பால் விட்டுவந்தவர்களின் வாழ்க்கையைப் பிழிந்தெடுத்த அமைப்பும்தான். அனுப்பப்பட்டவர்கள் எல்லாரும் கொலை, கொள்ளைக் குற்றவாளிகளும் அல்லர். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த சீக்கியத் தலைவர் பாய் மகாராஜ் சிங் 1850இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டு 1856இல் சிறைக்குள்ளேயே இறந்தார். ஆனால் உழைப்பு கட்டாயமானது என்பதற்காக அதிலுள்ள அறிவை மறைப்பது இரண்டாவது அநீதியாகும். சுண்ணாம்பைப் பதம் பார்த்தவனின் விரலுக்குத் தெரிந்ததை எந்தத் தண்டனைச் சட்டமும் கற்றுக்கொடுக்கவில்லை. விலங்கையும் விரலையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் புகழ்ச்சியாகும். மற்றொன்றை விட்டால் அவர்கள் இரங்கத்தக்கவர்களாக மட்டுமே எஞ்சுவார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். சிங்கப்பூரைத் தமிழர்கள் கட்டினார்கள் என்று இனப்பெருமை பேச இது இடம்கொடுக்காதா? சான்றுகள் அதற்கு இடம்கொடுப்பதில்லை. கைதிகள் மதராஸிலிருந்து வந்தது போலவே வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தார்கள். இலங்கையிலிருந்தும் சிலர் வந்தார்கள். ஃபோர்ட் கேனிங்கின் தலையைச் சமப்படுத்தியவர்கள் சீனத் தொழிலாளர்கள். சிராங்கூன் சாலைப் பகுதியே பல இனத்தவர் கலந்து வாழ்ந்த இடம். கெர்பாவ் சாலையில் வண்ணமயமாக நிற்கும் டான் தெங் நியாவின் வீடு 1900இல் ஒரு சீன மிட்டாய் வணிகர் கட்டியது. பெலிலியோஸ் சாலை கல்கத்தாவிலிருந்து வந்த கால்நடை வணிகர் ஒருவரின் பெயரைத் தாங்குகிறது. தமிழர் பங்கைச் சொல்வதற்கு மற்றவர் பங்கை மறைக்க வேண்டியதில்லை. சூளையிலிருந்து தொடங்கும் பயணம் ஓர் இனத்துக்குப் புகழ் சேர்ப்பதற்காக அல்ல. உழைப்பின் பக்கத்திலிருந்து நகரைப் படிப்பதற்காக.

மூன்றாவது ஆட்சேபம் சான்றுகளைப் பற்றியது. கைதிகளைப் பற்றிய நூலை எழுதிய மெக்நேர் அவர்களைக் கண்காணித்தவர்; கண்காணிக்கப்பட்டவர்களின் குரல் அதில் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, தலைமைச் சிற்பியான குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனின் பெயரைச் சொல்கிறது. கோயில் பணிக்குக் கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களை அவர்கள் குடியிருந்த தெருவோடு பதிவுசெய்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு சோழ அரசு கல்லில் வெட்டிய அளவுக்குக்கூட, 19ஆம் நூற்றாண்டின் ஆங்கில அரசு தன் கொத்தர்களுக்குச் சுவரில் இடம் தரவில்லை. தஞ்சையிலும் கல் சுமந்தவர்களின் பெயர்கள் இல்லை என்பது உண்மையே. ஆனால் குரல் இல்லாத இடத்தில் பொருள் பேசும். சுவர்ப்பூச்சின் கலவையும் செங்கல்லுக்குக் கிடைத்த பதக்கமும் கோயிலுக்கு ஒட்டிக்கொண்ட தொழிற்பெயரும் கண்காணிப்பாளர் நூலுக்கு வெளியே நிற்கும் சாட்சிகள். ஒரு குறிப்பிட்ட செங்கல்லை ஒரு குறிப்பிட்ட சுவரோடு பொருத்திக் காட்டுவது இந்த வாதத்துக்குத் தேவையில்லை. ஒரே பொருளாதாரத்தின் இரு முனைகளாகச் சூளையும் மாளிகையும் இருந்தன என்பதே போதும்.

நான்காவது ஆட்சேபம் நடைமுறை சார்ந்தது. சூளையும் இல்லை, காளவாயும் இல்லை. இல்லாத இடத்தில் பயணி எதைப் பார்ப்பார்? இதற்குச் சிங்கப்பூரே விடை தந்திருக்கிறது. ஃபோர்ட் கேனிங் கோட்டை 1907இல் நீர்த்தேக்கத்துக்காக இடிக்கப்பட்டது. ஒரு வாயிலும் சில பீரங்கிகளும் பழைய சுவரின் துண்டுகளுமே எஞ்சின. ஆனாலும் அங்கே மக்கள் போகிறார்கள். இல்லாத கோட்டையை விளக்கப் பலகைகளின் துணையோடு மனத்தில் எழுப்பிக்கொள்கிறார்கள். ஆற்று முகத்துவாரத்தில் மூன்று மீட்டர் உயரத்துக்கு நின்ற கல்வெட்டுப் பாறையை ஆங்கிலேயர் 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் எழுத்தை இன்றுவரை யாராலும் முழுமையாகப் படிக்க முடியவில்லை. எஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தின் மதிப்புமிக்க பொருள்களில் ஒன்று. ஆட்சியாளர்களின் இழந்த கோட்டைக்கும் படிக்க முடியாத கல்லுக்கும் நாம் காட்டும் கற்பனைப் பெருந்தன்மையைச் செங்கல் அறுத்தவர்களுக்கும் காட்ட முடியும். ஊர்ப்பெயர்கள் அதற்குத் துணை நிற்கின்றன. தோபி காட் என்ற பெயர் ஒன்று போதும். மதராஸிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த ஓடை இன்று நிலத்தடியில் மறைந்துவிட்டாலும் பெயர் ரயில் நிலையத்தின் நெற்றியில் இருக்கிறது.

லிட்டில் இந்தியா 1989இல் பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. அதனால் கடைவீடுகளின் முகப்புகள் காப்பாற்றப்பட்டன. அது பெரிய காரியம். இல்லையென்றால் இன்று பேசுவதற்கே தேக்கா இருந்திருக்காது. 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் சமூக வரலாற்றுக்கு ஒரு வீடு கொடுத்தது. ஆனால் பாதுகாப்பு என்பது முகப்புகளோடு நிற்கும்போது, வட்டாரம் பண்டிகைக்கும் உணவுக்கும் நகைக்கும் உரிய இடமாக மட்டுமே பயணியின் மனத்தில் பதிகிறது. ஆற்றங்கரை ஆட்சிக்கும் வணிகத்துக்கும் உரிய இடமாகப் பதிகிறது. ஒன்று இந்திய வரலாறு, மற்றொன்று சிங்கப்பூர் வரலாறு என்ற பிரிவினை அப்படித்தான் உருவாகிறது. வரைபடத்தில் போட்ட எல்லைக்கோடு வரலாற்றிலும் விழுந்துவிடுகிறது. இந்த எல்லையை அழிக்கப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயரின் கதையைச் சொல்லி, சூளைகள் இருந்த சாலை வழியே தெற்கே வந்து, தோபி காட்டில் மறைந்த ஓடையைக் காட்டி, பிராஸ் பாசாவில் கைதிகளின் சிறை இருந்த இடத்தைக் கடந்து, தேவாலயத்தின் சுவரில் முடியும் ஒரு மரபுடைமைப் பாதை போதும். அரைநாளில் நடந்துவிடலாம்.

அந்தப் பாதையில் இஸ்தானாவைச் சேர்ப்பதற்கு ஆண்டுதோறும் ஒரு வாய்ப்பும் வருகிறது. தீபாவளியையொட்டிச் சிராங்கூன் சாலை முழுவதும் விளக்கலங்காரம் ஒளிரும் நாள்களில்தான் இஸ்தானாவின் வாசலும் திறக்கிறது. லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்கும் தோபி காட் நிலையத்துக்கும் இடையே வேறு நிலையம் கிடையாது. தோபி காட்டில் இறங்கினால் மாளிகையின் வாசல் சில நிமிட நடை. விளக்குகளைப் பார்க்கத் தேக்காவுக்கு வரும் குடும்பம், அங்கே ஒரு காலத்தில் எரிந்த சூளைத் தீயைப் பற்றித் தெரிந்துகொண்டு, பிறகு அந்த வாசலில் நுழையட்டும். இதைக் கட்டியவர் யார் என்று குழந்தை கேட்கும்போது, ஆளுநரின் பெயரும் பொறியாளரின் பெயரும் சொல்லப்பட்ட பிறகு, மூன்றாவதாக ஒரு விடையும் பெற்றோரிடம் இருக்கும். பெயர் தெரியாதவர்கள் என்றாலும், அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்பது தெரியும்.